பெயர் ஒன்று, கள்ளி இரண்டு

களை என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கோரையும் அருகும்தான். மேலே வெட்டினால் கீழே துளிர்க்கும். கொத்தி எடுத்தால் கிழங்கோ வேரோ கொஞ்சம் மண்ணிலே தங்கி, அடுத்த மழைக்கு மறுபடியும் தலைகாட்டும். இப்படி வருஷக்கணக்கில் நிலத்தை விட்டுப் போகாத களைகளைப் பல்லாண்டுக் களைகள் என்கிறோம். அந்த வகையைச் சேர்ந்த, ஒரு காலத்தில் நம் நாட்டு விவசாயிகளை அழ வைத்த ஒரு களையின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அது சப்பாத்திக்கள்ளி. சில ஊர்களில் நாகதாளி என்றும் சொல்வார்கள்.

"இதென்னங்க, சப்பாத்திக்கள்ளி ஒரு களையா? எங்க ஊர்ல ஏரிக்கரை ஓரமா ரெண்டு புதர் இருக்கு. பிள்ளைங்க பழம் பறிச்சுத் தின்னுட்டு வாயெல்லாம் செவப்பாக்கிட்டு வரும். அவ்வளவுதானே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். இன்றைக்கு அது அவ்வளவுதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன்னால் அப்படி இல்லை. மேய்ச்சல் தரை, புறம்போக்கு, தரிசு, வண்டிப்பாதை, வேலி ஓரம் என்று பாராமல் படர்ந்து, மானாவாரி நிலங்களுக்குள்ளும் கால் வைத்து, மனிதனும் மாடும் நுழைய முடியாத முள்காடாக அது நின்றது. 1926-க்குப் பிறகு ஐந்தாறு வருஷங்களுக்குள் தென்னிந்தியாவில் அந்தக் கள்ளியிலிருந்து மீட்கப்பட்ட நிலம் சுமார் 40,000 ஹெக்டேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர்!

மீட்டது யார்? ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. உளுந்தளவுகூட இல்லாத ஒரு பூச்சி. அந்தப் பூச்சி எப்படி வந்தது, ஏன் அதற்கு முன்பே வரவில்லை, அதில் நமக்கு என்ன பாடம் என்பதை வரிசையாகப் பார்ப்போமா?

சாயத்துக்காக வந்த பூச்சி

கதை நிலத்தில் தொடங்கவில்லை, சாயத்தில் தொடங்குகிறது. சப்பாத்திக்கள்ளியின் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். அங்கே மெக்சிகோ நாட்டில், கள்ளி மடலில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு பூச்சியை மக்கள் வளர்த்து வந்தார்கள். பேர் கொச்சினீல். பார்ப்பதற்கு நம்ம மாவுப்பூச்சி மாதிரி, வெள்ளைப் பஞ்சை மடலில் அப்பியது போல இருக்கும். விரலால் நசுக்கினால் ரத்தம் போலச் சிவப்புச் சாறு வரும். பூச்சியைச் சேகரித்து, காய வைத்து, பொடித்துத் துணிக்குச் சாயம் ஏற்றுவார்கள். ஒரு பவுண்டு காய்ந்த பூச்சிக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். அதனால் விலையும் அப்படி. மெக்சிகோவை ஆண்ட ஸ்பெயின்காரர்களுக்கு வெள்ளிக்கு அடுத்தபடியாகப் பணம் கொடுத்த சரக்கு இதுதான். இங்கிலாந்துப் பட்டாள அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் இந்தச் சாயம்தான்.

இந்தப் பணத்தை ஸ்பெயின்காரன் மட்டும் சம்பாதிப்பதா என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஓர் ஆசை. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786-ம் வருஷம் சென்னைப் பக்கத்தில் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்து, சாயம் தருமோ என்று லண்டனில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். அந்தப் பூச்சி உதவவில்லை. ஆனால் ஆசை விடவில்லை. கொச்சினீல் பூச்சியைத் தருவிக்க வேண்டும், அதற்குத் தீனியாகக் கள்ளி வேண்டும் என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார்கள். ஆண்டர்சனின் உறவினரான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். இன்றைக்குப் பஸ்ஸும் ரயிலுமாக இரைகிற சைதாப்பேட்டையில் ஒரு காலத்தில் கள்ளியைப் பாத்தி கட்டி வளர்த்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

1795-ல் நீல்சன் என்ற கேப்டன், கப்பல் வழியில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோவில் கள்ளியோடு பூச்சியையும் எடுத்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பூச்சி பிழைத்தது, பெருகியது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கேதான் முதல் தவறு. அவர் கொண்டுவந்தது மெக்சிகோவின் நல்ல சாயப் பூச்சி இல்லை. அதன் பங்காளி முறையான ஒரு காட்டுப் பூச்சி. சாயம் மட்டமாக இருந்தது, வியாபாரம் படுத்துவிட்டது. வேடிக்கையைப் பாருங்கள்: தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பூச்சிக்குப் பின்னாளில் வைத்த அறிவியல் பேர் டாக்டிலோபியஸ் சிலோனிகஸ், அதாவது இலங்கைப் பூச்சி! இலங்கையில் கிடைத்ததைப் பார்த்துப் பேர் வைத்ததால் அப்படி ஆயிற்று.

தவறிலே பிறந்த நன்மை

சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி வேறொரு வேலை செய்தது. எந்தக் கள்ளியில் அதை விட்டார்களோ அந்தக் கள்ளியையே தின்று தீர்த்தது. சாறு போன மடல் மஞ்சளித்து, சுருங்கி, அழுகி, புதர் புதராக விழுந்தது. சாய வியாபாரிக்கு அது நஷ்டம். நிலத்துக்காரனுக்கோ அது லாபம். 1836-க்கும் 1838-க்கும் இடையில் இந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து கள்ளிப் புதர்களில் விட்டார்கள். கள்ளி அடங்கியது. 1865-க்குச் சற்று முன்பு அதே பூச்சி இலங்கைக்கும் போய் அங்கேயும் கள்ளியை ஒழித்தது. ஒரு களையை ஒரு பூச்சியைக் கொண்டு அடக்கியதில் உலகத்தில் முதல் வெற்றி என்று பூச்சியியல் நூல்கள் குறிப்பிடுவது இந்தத் தென்னிந்திய நிகழ்ச்சியைத்தான்.

அப்படியானால் 1838-லேயே கதை முடிந்திருக்க வேண்டுமே? 1926 வரைக்கும் ஏன் கள்ளி நின்றது? இதுதான் இந்தப் பேச்சின் மையம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நாம் சப்பாத்திக்கள்ளி என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். ஆனால் கள்ளி ஒன்று இல்லை. 1836-ல் அடங்கியது ஒப்பன்ஷியா மொனகாந்தா என்ற வகை. மரம் போல உயர்ந்து, மடல் மெல்லியதாக, பளபளப்பாக இருக்கும். கண்ணுக்கு ஒன்றோ இரண்டோ நீள முள். மொனகாந்தா என்றாலே ஒற்றை முள் என்றுதான் அர்த்தம். இன்னொன்று ஒப்பன்ஷியா தில்லேனி. இது புதராகப் படரும், மடல் தடித்திருக்கும், மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாக முள் இருக்கும். நம் மேய்ச்சல் நிலங்களை வளைத்துப் போட்டது இந்த இரண்டாவது கள்ளி. பிரேசிலிலிருந்து வந்த பூச்சியை இதன்மேல் விட்டால் தொட்டுக்கூடப் பார்க்காது. நம்ம வீட்டு மாடு புல்லைத் தின்னும், எருக்கைத் தின்னாது இல்லீங்களா? அந்த மாதிரி. பூச்சிக்குத் தன் கள்ளி எது என்று தெரிந்திருந்தது. மனிதர்களுக்குத்தான் தெரிய நாளாயிற்று.

வெட்டி மாளாத களை

இடைப்பட்ட அந்த எண்பது, தொண்ணூறு வருஷம் விவசாயிகள் சும்மா இருக்கவில்லை. அரிவாளால் வெட்டினார்கள். கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கவைக்கோலால் தள்ளிக் குவித்துத் தீ வைத்தார்கள். குழி வெட்டிப் புதைத்தார்கள். ஆனால் இந்தக் களையின் சூட்சுமம் என்ன? ஒவ்வொரு மடலும் ஒரு விதை மாதிரி. வெட்டிப் போட்ட மடல் மண்ணைத் தொட்டால் போதும், வேர் விட்டுவிடும். ஒரு புதரைப் பத்துத் துண்டாக வெட்டிவிட்டுப் போனால் பத்துப் புதரை நட்டுவிட்டுப் போனதாக ஆகும். வெள்ளம் வந்தால் மடலை அடித்துக்கொண்டு போய் இன்னோர் ஊரில் சேர்க்கும். பழத்தைத் தின்கிற காக்கையும் மற்றப் பறவைகளும் விதையைத் தூரத்தில் போய் எச்சமிடும். தண்ணீரை மடலிலேயே சேமித்து வைப்பதால் வறட்சி வந்தால் பயிர் காயும், புல் காயும், கள்ளி மட்டும் பச்சையாக நிற்கும்.

வெட்டுகிறவர்களுக்கும் சுலபமில்லை. பெரிய முள்ளைவிடக் கண்ணுக்குத் தெரியாத சுணைமுள்தான் பாடாய்ப் படுத்தும். கையில் ஏறினால் இரண்டு நாளைக்கு நிம்மதி இல்லை. பசிக்கு வாய் வைத்த ஆடுமாடுகளுக்கு வாயிலும் நாக்கிலும் புண். பஞ்ச காலத்தில் முள்ளைச் சுட்டுப் பொசுக்கி மாட்டுக்குப் போட்டவர்களும் உண்டு. ஆனால் அது உயிரைப் பிடித்து வைக்கிற தீனி, பால் கறக்கிற தீனி இல்லை.

இரவலாகப் போனதும் திரும்பி வந்ததும்

இதே தொல்லை ஆஸ்திரேலியாவிலும் இருந்தது, நம்மைவிடப் பல மடங்கு. 1920-களின் நடுவில் அங்கே கள்ளி பிடித்த நிலம் சுமார் 6 கோடி ஏக்கர். பண்ணையை விட்டுவிட்டுக் குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். கள்ளியைத் தின்னும் பூச்சியைத் தேடி உலகத்தைச் சுற்றி வர 1912-ல் ஒரு குழுவை அனுப்பினார்கள். அவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள். நம் கதையைக் கேட்டார்கள். நம்மிடமிருந்த சிலோனிகஸ் பூச்சி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. 1914-ல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் விட்டார்கள். அங்கேயும் அதே கதைதான். மொனகாந்தா கள்ளி ஒழிந்தது. கோடிக்கணக்கான ஏக்கரில் படர்ந்திருந்த மற்ற வகை அசையவில்லை.

ஆனால் அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. இந்தக் கள்ளிக்கு இந்தப் பூச்சி இல்லை என்றால் வேறு எந்தப் பூச்சி என்று தேடினார்கள். 1921-ல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வந்தது. பேர் டாக்டிலோபியஸ் ஒப்பன்ஷியே. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சி வந்தது. அந்துப்பூச்சியின் புழு மடலுக்குள் நுழைந்து குடைந்து தின்னும். ஏழெட்டு வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் கள்ளிக்காடு பெரும்பாலும் சரிந்தது. குவீன்ஸ்லாந்தில் பூனார்கா என்ற ஊரில் 1936-ல் அந்தப் பூச்சியின் பேரிலேயே விவசாயிகள் ஒரு மண்டபம் கட்டினார்கள். பூச்சிக்கு மருந்து அடிக்கிற உலகத்தில் பூச்சிக்கு மண்டபம்!

நமக்கு விடிவு வந்ததும் அந்தப் பக்கமிருந்துதான். ஒப்பன்ஷியே பூச்சி 1924-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து இலங்கைக்கு வந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தது. நாம் ஒரு பூச்சியை அனுப்பினோம், பதிலுக்கு வேறொரு பூச்சி நம் வீடு தேடி வந்தது.

இந்த முறை கள்ளியும் பூச்சியும் பொருந்திவிட்டன. பெண் பூச்சிக்கு இறக்கை கிடையாது. ஒட்டின இடத்திலேயே உட்கார்ந்து உறிஞ்சும். ஆனால் அதன் குஞ்சுகள் காற்றில் மிதந்து அடுத்த புதருக்குப் போகும். பூச்சி பிடித்த மடலை எடுத்துப் பூச்சி இல்லாத புதரில் சாய்த்து வைத்தாலே போதும், வேலை தொடங்கிவிடும். இதற்குப் படிப்பு வேண்டாம், செலவு வேண்டாம். ஐந்தாறு வருஷத்துக்குள் தில்லேனிக் கள்ளி விழுந்தது. கள்ளி இருந்த இடத்தில் புல் வந்தது, உழவு வந்தது.

நமக்கு என்ன பாடம்?

முதல் பாடம், களையின் சரியான அடையாளம் தெரியாமல் கை வைக்கக் கூடாது. சுமார் தொண்ணூறு வருஷம் இரண்டு கள்ளிக்கு ஒரே பேர் இருந்தது, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் பெரிதாகப் படவில்லை. அதற்கு விலை ஒரு லட்சம் ஏக்கர். இது பழைய காலத்துத் தவறு, இப்போது நடக்காது என்று நினைக்காதீர்கள். கேரளத்து நீர்நிலைகளையும் வயல்களையும் மூடிய சல்வீனியா என்ற மிதக்கும் பாசியை வெகுகாலம் வேறொரு இனம் என்றே நினைத்து, அதற்குரிய பூச்சிகளை வெளிநாடுகளில் விட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அது தனி இனம் என்று 1972-ல்தான் பிரித்துச் சொன்னார்கள். பிரேசிலில் அதன் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்த சரியான கூன்வண்டைக் கொண்டுவந்த பிறகுதான் அது அடங்கியது. அந்த வண்டு கேரளத்துக்கும் 1980-களில் வந்து நல்ல பலன் கொடுத்தது.

இரண்டாவது பாடம், எல்லாக் களைக்கும் பூச்சி வைத்தியம் பலிக்காது. உண்ணிச்செடிக்கு 1921-லும் 1941-லும் பூச்சிகளைத் தருவித்தார்கள். நம் காடுகளையும் மேய்ச்சல் சரிவுகளையும் அது இன்னும் விட்டபாடில்லை. காரணம், உண்ணிச்செடி என்பது பல வகைகள் ஒன்றோடொன்று கலந்த கலப்புக் கூட்டம். ஒரு வகைக்குப் பிடித்த பூச்சி அடுத்த வகையில் தங்காது. கோரைக்கும் அருகுக்கும் நாம் கொத்தையும் கலப்பையையும் கோடை உழவையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே "கள்ளிக்கு ஒரு பூச்சி வந்த மாதிரி இதுக்கும் ஒண்ணு வரும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

மூன்றாவது பாடம்தான் முக்கியமானது. அது யாருக்குக் களை என்று கேட்க வேண்டும். மடகாஸ்கர் தீவின் தெற்கே வறண்ட பூமி. அங்கே மாடு மேய்க்கும் மக்கள் கள்ளியை வேலியாக வைத்திருந்தார்கள். கோடையில் மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கள்ளி மடல்தான், மனிதருக்குப் பழம்தான். 1924-ல் அங்கே கொச்சினீல் பூச்சியை விட்டார்கள். சில வருஷத்தில் கள்ளி அழிந்தது. அதன் பின்னால் வந்த வறட்சியில், 1930 வாக்கில், மாடுகள் செத்தன, பஞ்சம் வந்தது, மக்கள் ஊரை விட்டுப் போனார்கள். நம்மை வாழ வைத்த அதே வைத்தியம் அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டது. அர்ஜென்டினா அந்துப்பூச்சியும் அப்படித்தான். 1957-ல் கரீபியன் தீவுகளில் விடப்பட்டது, 1989-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. கள்ளியை உணவாகவும் தீவனமாகவும் பயிரிடும் மெக்சிகோ அதைக் கண்டு அஞ்ச வேண்டியதாயிற்று.

இது நமக்கும் பொருந்தும். வறட்சிப் பகுதிகளுக்கு முள்ளில்லாத சப்பாத்திக்கள்ளியைத் தீவனப் பயிராக வளர்க்கலாம் என்று நம் நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் இப்போது சொல்கின்றன. நல்ல யோசனைதான். ஆனால் நம்மைக் காப்பாற்றிய ஒப்பன்ஷியே பூச்சிக்கு இந்த முள்ளில்லாக் கள்ளியும் ருசியான தீனி. மொராக்கோ நாட்டில் 2014-ல் இந்தப் பூச்சி புகுந்து கள்ளித் தோட்டங்களைப் பாழாக்கிவிட்டது. எனவே அப்படி ஒரு பாத்தி போடுகிறவர்கள், பக்கத்துப் புதரில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

இனி, உங்கள் நிலத்து ஓரத்தில் பழைய கள்ளி மறுபடி படர்ந்தால் என்ன செய்வது? மடலில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா பாருங்கள். நசுக்கினால் சிவப்பு வந்தால் அது நம் பழைய நண்பன். அந்தப் புதருக்குத் தீ வைக்காதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். மழை ஓய்ந்த வறட்சிக் காலத்தில், பூச்சி பிடித்த மடலை இடுக்கியால் எடுத்து, பூச்சி இல்லாத புதரின் நடுவில் செருகி வையுங்கள். பெருமழையில் பூச்சி கழுவிக்கொண்டு போய்விடும், அதனால் காலம் பார்த்துச் செய்ய வேண்டும். பூச்சி இல்லை, புதரும் சிறிது என்றால் வேரோடு பெயர்த்து, ஒரு துண்டு விடாமல் பொறுக்கி, பாறை மேலோ களத்திலோ குவித்து நன்றாகக் காய வைத்து எரியுங்கள். அல்லது ஆழக் குழி எடுத்துப் புதையுங்கள். வெட்டிப் போட்டுவிட்டு வந்தால் அது களையெடுப்பு இல்லை, நடவு!

வெளிநாட்டுச் செடியையோ பூச்சியையோ யாராவது கொண்டுவந்து கொடுத்தால் அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். புதுக் களை ஒன்று ஊரில் தென்பட்டால், பூவும் காயும் இருக்கிற கிளையாகப் பார்த்து ஒன்றை ஒடித்து வேளாண்மை அலுவலரிடமோ பக்கத்து ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். அதன் சரியான பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, அதற்குப் பிறகு கொத்தைக் கையில் எடுங்கள்.